செங்கம் சாலையில் ஒரு ஃபார்வர்ட் வகுப்பு

"இதை எழுதினது யாரு?"

சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமத்துக்கு வெளியே, காலை ஏழரை மணி வெயிலில் மேடம் இப்படிக் கேட்டதும் பதினைந்து பேரும் போனைக் குனிந்து பார்த்தார்கள். எல்லாப் போனிலும் ஒரே படம். அருணாசலேஸ்வரர் கோயில் ராஜகோபுரம், பொன் வெளிச்சத்தில். கீழே கொட்டை எழுத்தில், 'இந்தியாவிலேயே உயரமான கோபுரம். தமிழனாக இருந்தால் பகிரவும்.'

"ஃபார்வர்ட் மேடம்" என்றான் பின்னால் நின்றவன்.

"ஃபார்வர்டுன்னு ஒருத்தர் நம்ம ஊர்ல இருக்காரா? எந்தத் தெரு?"

சிரித்து முடித்ததும் வேலையில் இறங்கினார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள், பாதிப்பேர் பி.காம்., பாதிப்பேர் தமிழ் இலக்கியம். கல்லூரியின் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்களின் ஆசிரியையான மேடம் முதலிலேயே கேட்டுக்கொண்டார். இந்த வகுப்புக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை, மதிப்பெண் இல்லை, முதல்வரின் அனுமதியும் வாய்மொழிதான். மாதம் ஒரு சனிக்கிழமை, வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ ஊரைப் பற்றி வந்தவற்றை எடுத்துக்கொண்டு, அவை சொல்லும் இடத்துக்கே நடந்து போகிறார்கள். அதற்கு ரமணாசிரமம் பகுதியைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம். சேஷாத்ரி ஆசிரமம், அக்னி லிங்கம், தட்சிணாமூர்த்தி கோயில், ரமணாசிரமம் என்று எல்லாம் சில நிமிட நடையில் இருக்கின்றன. ஒவ்வொன்றைப் பற்றியும் நாள்தோறும் புதிதாக ஏதாவது ஒன்று போனில் வந்து விழுகிறது.

கோபுரத்துக்கு வருவோம். மேடம் போட்டிருக்கும் விதி ஒன்றுதான். வந்த செய்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அதைவிட்டு வெளியே வந்து வேறு ஜன்னல்களைத் திறக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் விவரங்கள் வந்தன. திருவண்ணாமலை ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி, 1987-இல் குடமுழுக்கு.

"அப்ப இது பொய்யி" என்றாள் ஒரு மாணவி.

"1987-க்கு முன்னாடி யாராவது எழுதியிருந்தா?" என்றான் பி.காம். பையன் ஒருவன். "அப்ப சரியாக்கூட இருந்திருக்கலாம்ல?"

எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. தவறான தகவல் என்றாலே யாரோ ஒருவர் உட்கார்ந்து புளுகியது என்று நினைக்கிறோம். காலாவதியான உண்மைகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பழைய நூலில் சரியாக இருந்த வரியை எவரோ படத்தில் ஏற்றிவிடுகிறார். படத்தில் தேதி இருப்பதில்லை. மாணவர்கள் குறிப்பேட்டில் 'பொய்' என்று எழுதாமல் 'இன்றைக்குச் சரியில்லை' என்று எழுதினார்கள்.

ஜன்னல் மாற்றிப் பார்க்கும் இந்த வழக்கம் மேடம் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று ஆய்வாளர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பைத் தொழிலாகச் செய்பவர்கள் 10 பேர், இளங்கலை மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பத்தக்கவையா என்று கேட்டார்கள். வரலாற்று ஆய்வாளர்களில் பலரும், மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, அழகான சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் உடனே வெளியேறி, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்களே தடுமாறிய இடம் என்றால், கல்லூரி மாணவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கத்தானே வேண்டும்?

நம் கல்லூரிகளிலும் சமூக ஊடகம் இருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் முளைத்தது. இன்றும் அதில் தேர்வுக் கட்டணத் தேதி வருகிறது, பி.டி.எஃப். வருகிறது, 'ஓகே சார்' என்று அறுபது பதில்கள் வருகின்றன. மேடம் அதை நோட்டீஸ் போர்டு என்கிறார். சரியான பேச்சு. பலகை போனுக்குள் போயிருக்கிறது. போனில் வருவதைப் படிக்க யாரும் கற்றுத்தரவில்லை.

அக்னி லிங்கம் பக்கம் நடந்தோம். பௌர்ணமி இல்லாத நாளிலும் கூட்டம். சாலையோரத்துப் பலகைகளில் தமிழுக்குச் சமமாகத் தெலுங்கு. டிபன் கடைகளில் பெசரட்டு. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. சில வருடம் கழித்து வருகிறவர்களுக்குத்தான் திகைப்பு. மாணவர்களுக்கு இங்கே ஒரு பணி. வந்திருப்பவர்களிடம், 'இந்த ஊரைப் பற்றி முதலில் எப்படித் தெரிந்தது?' என்று மட்டும் கேட்க வேண்டும். தெலுங்கு தெரிந்த மாணவி ஒருத்தி முன்னே போனாள். கரீம்நகர் குடும்பம் ஒன்று, குண்டூர்ப் பெண்கள் ஒரு குழு, ஹைதராபாத் இளைஞர்கள் சிலர். பதிலில் யூடியூப் வராத ஆளே இல்லை. தெலுங்குச் சொற்பொழிவாளர் சாகண்டி கோட்டேஸ்வர ராவின் அருணாசலச் சொற்பொழிவைப் பெரியவர்கள் சொன்னார்கள். இளைஞர்கள் ரீல்ஸைச் சொன்னார்கள். 2023-இல் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகம் கிரிவலத்துக்கென்றே ஹைதராபாத்திலிருந்து சிறப்புப் பேருந்து விடத் தொடங்கியது.

"ஒரு வீடியோ எத்தனை இட்லிக்கடை திறந்திருக்கு பாருங்க" என்றார் மேடம்.

சமூக ஊடகம் என்ன செய்யும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் அமெரிக்கத் தேர்தலை எடுத்துக்காட்டாகப் போடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது தங்கள் தெருவிலேயே இருக்கிறது. வாடகை ஏறியது, சந்துகளில் விடுதி முளைத்தது, பௌர்ணமியன்று கல்லூரிக்குப் பேருந்து கிடைக்காமல் போனது எல்லாவற்றையும் அவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்கும் யாரோ ஒருவர் கைபேசியில் கேட்ட சொற்பொழிவுக்கும் உள்ள தொடர்பை இன்றுதான் வரைந்து பார்த்தார்கள்.

தட்சிணாமூர்த்தி கோயில் முன்னால் நின்று மலையைப் பார்த்தபடி அடுத்த ஃபார்வர்டை எடுத்தார்கள். 'அண்ணாமலைக்கு வயது 260 கோடி ஆண்டுகள். இமயமலைக்கும் மூத்தது. நாசா ஒப்புதல்.' இதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. நாசா என்ற சொல்லைக் கண்டதும் சிரிப்பதும், அதைக் கண்டதும் நம்புவதும் ஒரே சோம்பல்தான் என்றார்.

தேடிப் பார்த்தபோது சிரித்தவர்களுக்குச் சங்கடம். வடதமிழகத்தின் அடிப்பாறைகள் உண்மையிலேயே உலகின் மிகப் பழைய பாறை வகைகளில் சேர்ந்தவை. அவற்றின் வயது 250 கோடி ஆண்டு அளவில் சொல்லப்படுகிறது. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆக 'மூத்தது' என்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் பாறை உருவான காலமும், சுற்றியுள்ள நிலம் கரைந்து அந்தப் பாறை மலையாகத் தலைநீட்டிய காலமும் ஒன்றில்லை. ஃபார்வர்ட் இரண்டையும் குழைத்துவிட்டது. நாசாவின் ஒப்புதல் எங்கே என்று தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பக்கங்கள்தான் வந்தன. பத்துப் பக்கம் ஒன்றையே சொன்னால் பத்துச் சான்று ஆகிவிடாது என்பதை அங்கேயே வைத்து மேடம் விளக்கினார். முதலில் எழுதியவர் யார், மற்ற ஒன்பது பேரும் அவரைப் பார்த்து எழுதினார்களா என்பதே கேள்வி.

ரமணாசிரமத்துக்குள் போகும்போது போன்கள் பைக்குள் போயின. இலுப்பை மர நிழலில் மயில் ஒன்று யாரையும் சட்டை செய்யாமல் நடந்தது. மண்டபத்தில் சற்று நேரம் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

பிறகு புத்தகக் கடை. இங்கேதான் இந்தக் காலை சூடு பிடித்தது. ஒவ்வொருவரும் 'ரமண மகரிஷி சொன்னார்' என்று வந்த ஒரு வாசகத்தைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். எதிர்மறை எண்ணம் உள்ளவர்களை வாழ்க்கையிலிருந்து நீக்கிவிடச் சொல்லும் வாசகம் ஒன்று. வெற்றிக்கு ஐந்து மணிக்கு எழச் சொல்லும் வாசகம் இன்னொன்று. அவை வந்த படங்கள் எல்லாவற்றிலும் ரமணரின் அதே முகம், வெல்லிங் என்ற புகைப்படக்காரர் எடுத்த, உலகெங்கும் தெரிந்த முகம். சிலவற்றில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசியிருந்தார்கள்.

மேடம் 'நான் யார்?' என்ற மெல்லிய நூலை வாங்கிக் கொடுத்தார். அந்த நூலின் வரலாறே ஒரு பாடம். 1901, 1902 வாக்கில் தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, விருபாட்ச குகையில் இருந்த இளைஞரான ரமணரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். அது அச்சானது 1923-இல். பிறகு ரமணரே கேள்வி பதிலைக் கட்டுரை வடிவமாகத் திருத்தி எழுதினார். ஆக, இந்த நூலுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் எப்போது, யார் கையால் வந்தது என்று தெரியும். கேட்டவர் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, திருத்தியவர் யார் என்பது இருக்கிறது.

ஐந்து மணிக்கு எழச் சொன்ன வாசகம் அதில் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் இலக்கிய மாணவி ஒருத்தி கேட்டாள்: "இதுல இல்லன்னா வேற புக்குல இருக்கலாமே மேடம்?" சரிதான். ரமணர் பேச்சுகளின் பதிவு நூல்கள் தடிமனானவை. அதனால் குறிப்பேட்டில் 'சொல்லவில்லை' என்று எழுதாமல், 'இந்த நூலில் இல்லை. மூலம் கொடுக்கப்படவில்லை' என்று எழுதவைத்தார் மேடம். நடையைப் பார்த்தாலே தெரிகிறதே என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வகுப்பு அவருடையது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு பையன் தன்னிடம் இருந்த வீடியோவைப் பற்றிச் சொன்னான். ரமணரின் முகம், உதடு அசைகிறது, கனத்த குரலில் தமிழில் உபதேசம். செயற்கை நுண்ணறிவில் செய்தது என்று அவனுக்கே சந்தேகம், எப்படி நிரூபிப்பது? புத்தகக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டார்கள். ஆசிரமத்துக்கு வெகுகாலமாக வந்து போகிறவராம்.

"பேசாத படம் இருக்குப்பா. நடந்து வர்றது, உக்காந்திருக்கறது எல்லாம் இருக்கும். குரலை நான் இதுநாள் வரைக்கும் கேட்டதில்ல. கேட்டவங்க சொன்னதைத்தான் கேட்டிருக்கேன்."

வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. விரல் எண்ணிக்கை, கண் சிமிட்டல் என்று செயற்கைப் படங்களைக் கண்டுபிடிக்கும் குறிப்புகள் ஏராளமாக இணையத்தில் கிடைக்கின்றன. ஆறு மாதத்தில் அவை பழசாகிவிடுகின்றன. இப்படி ஒரு மூலம் இருக்க வழியுண்டா என்று, தெரிந்த ஆளிடம் கேட்பது பழசாகாது.

பசு லட்சுமியின் சமாதி அருகில் வேறு மாதிரிச் சிக்கல் எழுந்தது. லட்சுமி 1926-இல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்தது. 1948 ஜூன் 18 அன்று இறந்தது. இதெல்லாம் பதிவில் இருக்கிறது. ரமணருக்குக் கீரை சமைத்துக் கொடுத்த கீரைப்பாட்டிதான் மறுபிறவியில் லட்சுமியாக வந்தாள் என்பது அடியார்களின் நம்பிக்கை. மாணவர்கள் கொண்டுவந்த ரீல்ஸ் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது.

"இதுல எது ஃபேக் மேடம்?"

"ஃபேக்குன்னு எழுதறதுக்கு முன்னாடி, இது சரிபார்க்கற விஷயமான்னு கேளு."

குறிப்பேட்டில் மூன்று பத்திகள் பிரித்தார்கள்: சரிபார்த்தது, தவறு, நம்பிக்கை. மூன்றாவது பத்தியில் சேர்வதைக் கேலி செய்வதும் இல்லை, மற்ற இரண்டு பத்திக்கு நகர்த்துவதும் இல்லை. கோயில் ஊரில் பாடம் நடத்த இதைவிட்டால் வேறு வழி கிடையாது என்பது என் எண்ணம். நம்பிக்கையைப் பொய் என்று முத்திரை குத்தத் தொடங்கினால் பாதிப் பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமை வரமாட்டார்கள், வீட்டிலும் விடமாட்டார்கள்.

1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தபோது வானில் ஒளி ஒன்று போனது என்ற செய்தி இந்தப் பத்திகளுக்கு நல்ல சோதனை. அப்போது பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். வால் நீண்ட ஒளி ஒன்று வானில் போனதைப் பார்த்ததாக அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. மாணவர்களுக்கு வந்த படமோ, 'கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த ஜோதி' என்று ஒரு வண்ண விண்கல் படத்தைக் காட்டியது. வெளியே வந்ததும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தார்கள். அதே படம் வெவ்வேறு நாடுகளின் பெயரில் வால்பேப்பராகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்ததாக அவர் சொன்னது முதல் பத்திக்கு. படம் இரண்டாவதுக்கு. அந்த ஒளி என்ன பொருளில் தோன்றியது என்பது மூன்றாவதுக்கு. ஒரு ஃபார்வர்ட் மூன்று துண்டாகப் பிரிந்து மூன்று இடத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கே சுவாரசியமாக இருந்தது.

சாலைக்கு வந்தோம். நடைபாதையில் காவி கட்டியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைக் கேட்காமல் படமெடுத்து, 'இந்தச் சித்தர் யார் தெரியுமா' என்று போடும் கணக்குகள் நிறைய. ஒரு மாணவன் வயதானவர் ஒருவரிடம் போய், "சாமி, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றான். "வேணாம்பா. ஊர்ல மருமக பாப்பா" என்றார் அவர். அதற்கு மேல் பேச்சில்லை. பிள்ளைகள் வெகுநேரம் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

முகம் என்பது இந்த வகுப்பில் பெரிய விஷயம். இவர்களுக்குப் பொதுவாக ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்கிறது. சரிபார்த்ததை அதில் போடுகிறார்கள். அதில் எந்த மாணவர் முகமும் கிடையாது, பெயரின் முதலெழுத்துகூடக் கிடையாது. சமூக ஊடகத்தைப் பாடத்தில் சேர்க்கலாம் என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. இந்தப் பதினைந்து பேரில் பெண்கள் பாதிக்கு மேல். சிலர் வீட்டில் இன்ஸ்டாகிராம் கூடாது. ஒருத்தியிடம் இருப்பது அண்ணனுடைய போன். ராத்திரி அவன் திறந்து பார்ப்பான். இன்னொருத்தி அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் ஆயிரம் ரூபாயிலிருந்து ரீசார்ஜ் செய்கிறாள். வீடியோ பார்க்கச் சொன்னால் அது அவள் காசு. 'எல்லாரும் கணக்கு தொடங்கி அசைன்மென்ட்டைப் பதிவிடுங்கள்' என்று ஓர் ஆசிரியர் சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. சட்டமும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. முதலாம் ஆண்டில் சேரும்போது பலருக்கு வயது 17.

அதனால் நான்கு பேருக்கு ஒரு போன், கணக்கு வகுப்புக்கு, இரண்டாம் ஆண்டிலிருந்துதான் சேர்க்கை என்று மேடம் வைத்திருக்கிறார். இருக்கிற வசதிக்குள் இது நல்ல ஏற்பாடு.

அவருக்கு மிகப் பிடித்த சமூக ஊடகம் எது என்று கேட்டேன். தயங்காமல் தமிழ் விக்கிப்பீடியா என்றார். அதைச் சமூக ஊடகமாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஊர்பேர் தெரியாதவர்கள் கூடி எழுதி, சண்டை போட்டு, திருத்திக்கொள்ளும் இடம்தானே அது? 2003-இல் தொடங்கியது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடந்தது. அந்த முயற்சி அதன்பின் கல்லூரிகளுக்குள் வேரூன்றாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு இருக்கிறது. எந்தக் கணக்கு, எந்தத் தேதியில், எந்தச் சொல்லை மாற்றியது என்று வரி வரியாகப் பார்க்கலாம். உரையாடல் பக்கத்தில் ஏன் மாற்றினார்கள் என்பதும் இருக்கும். ஃபார்வர்டில் இல்லாதது எதுவோ அது அங்கே முழுதாக இருக்கிறது.

பி.காம். பையன் ஒருவன் போன மாதம் தன் ஊர் ஏரியைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருக்கிறான். மறுநாள் யாரோ நீக்கிவிட்டார்கள், சான்று இல்லை என்று. "எங்க ஊர் ஏரி சார், நான் தெனம் பாக்கறேன், எனக்கே சான்று கேக்கறாங்க" என்றான் இன்னும் கோபம் ஆறாமல். பிறகு மாவட்டக் கையேடு ஒன்றைத் தேடிப் பிடித்து மறுபடி சேர்த்தானாம், இப்போது நிற்கிறது. நாலு மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை அந்த நீக்கம் செய்திருக்கிறது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது மேடம் இந்த வகுப்பு தொடங்கிய காரணத்தைச் சொன்னார். 2018 மே 9. இதே மாவட்டத்தில், போளூர் பக்கத்து அத்திமூர். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயது அம்மாள் ஒருவர் இறந்துபோனார். இந்தப் பிள்ளைகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவர்கள். ஆனாலும் ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் அது தெரியும். இந்தியாவின் பல மாநிலங்களில் அதே ஆண்டு இதே போலக் கொலைகள் நடந்த பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. ஃபார்வர்ட் என்ற அடையாளமும் அப்போதுதான் வந்தது. பலமுறை அனுப்பப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது.

கேரளத்தின் கண்ணூரில் வேறு வழியில் முயன்றார்கள். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியைப் பற்றிய வதந்தியால் பெற்றோர் பின்வாங்கியதைப் பார்த்த மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி, சுமார் 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் போலிச் செய்திகளைப் பற்றி வகுப்பு நடத்தவைத்தார். தமிழ்நாடு அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்களும் இருக்கின்றன. இவையெல்லாம் நல்லவை. ஆனாலும் வதந்தி வந்த பிறகு விளக்கம் வருவதற்கும், வரும்போதே ஒரு கை நின்று யோசிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அத்திமூரில் விளக்கத்துக்கு நேரமில்லை.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை நீட்டினார்.

"இன்னாம்மா, இது நெஜமா பாரு. எங்க ஸ்டாண்டு குரூப்ல நேத்து வந்துச்சு."

ஒரு குரல் செய்தி. பதற்றமான ஆண் குரல்: வெள்ளை வேன், பள்ளிக்கூட வாசல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள். ஊர்ப் பெயர் இல்லை. தேதி இல்லை. தலையில் இரட்டை அம்புக்குறி. மாணவி ஒருத்தி ஒவ்வொன்றாகக் காட்டினாள். "யாரு, எங்க, என்னைக்குன்னு எதுவுமே சொல்லல பாருங்கண்ணா. ரெண்டு அம்பு இருந்தா ரொம்ப பேர் கை மாறி வந்துருக்குன்னு அர்த்தம்."

"அதுக்காக அனுப்பாம இருக்க சொல்றியா? செக் பண்ணிட்டு இருக்கறதுக்குள்ள ஒரு கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிட்டா? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கும்மா."

யாருக்கும் பதில் வரவில்லை. அன்று காலை கேட்ட கேள்விகளிலேயே கடினமானது இதுதான். கோபுரத்தின் உயரத்தைச் சரிபார்க்கும்வரை காத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. இது பயத்தில் அனுப்புவது, அக்கறையில் அனுப்புவது. அறிவுரை சொல்லி இதை நிறுத்த முடியாது. வேறு ஏதாவது செய்யக் கொடுத்தால்தான் உண்டு.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் போனைப் பயன்படுத்துகிற அந்தப் பெண் சொன்னாள்: "குரூப்புக்கு அனுப்பறதுக்குப் பதிலா 1098-க்குப் பண்ணுங்கண்ணா. பிள்ளைங்களுக்கான நம்பர். இல்லன்னா 112, போலீசு. நெஜமா இருந்தா அவங்கதான் ஏதாவது செய்ய முடியும். குரூப்ல இருக்கறவங்க என்ன செய்வாங்க, யாராவது புதுசா வந்தவங்கள அடிப்பாங்க."

அவர் யோசித்தார். "இதை எங்க ஆளுங்களுக்குச் சொல்லேன். எழுதினா எவனும் படிக்க மாட்டான். பேசி அனுப்பு."

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையாட்டவில்லை. ஊரிலுள்ள அத்தனை ஆட்டோக்காரர்களின் போனிலும் அவள் குரல் போகும். ராத்திரி வீட்டில் யாராவது கேட்பார்கள். பையன்களில் ஒருவன் நான் பேசுகிறேன் என்றான். "உன்னை அவங்களுக்குத் தெரியுமா?" என்றார் மேடம். பிறகு ஆட்டோக்காரரிடமே சொன்னார்: "நீங்க பேசுங்கண்ணா. உங்களைத்தான் அவங்களுக்குத் தெரியும்."

அவருக்குக் கூச்சம். முதல் தடவை நடுவில் சிரித்துவிட்டார். அடுத்த தடவை தன் பெயர், ஸ்டாண்டு, தேதி எல்லாம் சொல்லி, இந்த வேன் செய்தி எங்கே நடந்தது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள், சந்தேகமாக எதையாவது கண்ணால் பார்த்தால் 1098 அல்லது 112 என்று முடித்தார். ஒரு நிமிடம்கூட இல்லை. வகுப்பின் கணக்கில் இதுவரை போட்ட எல்லாவற்றையும்விட இது உருப்படியானது என்பதில் அங்கிருந்த யாருக்கும் சந்தேகமில்லை.

அதற்குள் குண்டூர்ப் பெண்கள் குழு சவாரி கேட்டு வந்து நின்றது. அவர் கிளம்பினார். அடுத்த முறை இன்ஸ்டாகிராமை விட்டுவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுகளுக்குப் போகலாம் என்றான் ஏரி எழுதிய பையன். மேடம் நாள்காட்டியைத் திறந்து, அந்தச் சனிக்கிழமை பௌர்ணமியா என்று பார்த்தார். பௌர்ணமியென்றால் எந்த ஆட்டோக்காரரும் நின்று பேச மாட்டார்.